வால்வு விரியலாக்கிக்கு ஒரு ரான்ஸ்போமர்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பின் நண்பருக்கு,

நலம், உமதும் வீட்டாரினதும் நலமறிய ஆவல். பெரும்போக அறுவடை முடிந்துவிட்டது. மழை பிந்தியும் நெல் மோசமில்லை. மகள் பிள்ளைகளோடு வந்து நிற்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. உமது கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முள்ளியவளையில் இருந்துகொண்டு இந்த வயதில், கண்ணாடி வால்வுகளால் பாட்டின் ஒலியைப் பெருக்கும் வால்வு விரியலாக்கி கட்டத் துணிந்தீரே என்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அப்பாவின் பழைய வானொலியிலிருந்து கழற்றிய ரான்ஸ்போமரை அதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர். வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியும்.

அந்த ரான்ஸ்போமர் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. அது ஒலிபெருக்கியை இயக்கும் ஒரேயொரு வெளியீட்டு வால்வும் சில சிறிய வால்வுகளும் கொண்ட வானொலிக்காக அளந்து செய்யப்பட்டது; அத்தகைய வானொலி முழுவதும் எடுக்கும் உயர் மின்னழுத்த ஓட்டம் பெரும்பாலும் 70 மில்லியம்பியருக்குள் அடங்கிவிடும். நீர் கட்டப்போவதோ இடம், வலம் என இரண்டு ஈ.எல். 84 வெளியீட்டு வால்வுகள் கொண்டது. ஒரு ஈ.எல். 84 தனியாக ஏ வகுப்பில் (எந்நேரமும் ஓட்டம் பாயும் முறையில்) 250 வோல்ற்றில் வேலை செய்யும்போது அனோட்டு (வால்வின் நேர்முனை) 48 மில்லியம்பியரும் உள்ளேயிருக்கும் திரைக்கம்பிவலை ஐந்தரை மில்லியம்பியரும் எடுக்கும். இரண்டுக்கும் 107, முன்னால் நின்று சிறு சைகையைப் பெருக்கும் ஈ.சி.சி. 83 வால்வுக்கு இரண்டு, ஆகமொத்தம் ஏறத்தாழ 110 மில்லியம்பியர். ஏ வகுப்பில் பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் இந்த ஓட்டம் குறையாது என்பதால், உமது ரான்ஸ்போமர் மூச்சுவிட இடைவெளியின்றிச் சுமை சுமக்கும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், அது நெடுநாள் தாங்காது.

ஆகவே வால்விலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து வாரும். வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு 6.3 வோல்ற்றில் ஒவ்வொரு ஈ.எல். 84 உம் 0.76 அம்பியர், ஈ.சி.சி. 83 0.3 அம்பியர், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கி வால்வாக ஈ.இசட். 81 வைத்தால் அதற்கு 1 அம்பியர்; எல்லாம் சேர்ந்து 2.82. நான்கு அம்பியர் தரக்கூடிய சுருளாகக் கேளும். உயர் அழுத்தத்துக்கு 250-0-250 வோல்ற்று (நடுமுனையின் இருபுறமும் 250), 150 மில்லியம்பியர் போதும். ஈ.இசட். 81 தன் பங்குக்கு அழுத்தத்தைக் குறைப்பதால், சுமையோடு, சீராக்கிக்கு அடுத்து மின்னைத் தேக்கும் முதற்கொள்ளளவியில் ஏறத்தாழ 260 வோல்ற்று கிடைக்கும். இந்த வால்வுக்கு அது நன்கு பொருந்தும். அதே சுருளில் சீராக்கி வால்வுக்குப் பதிலாகச் சிலிக்கன் இருவாயிகளை (டயோட்டுகளை) வைத்தால் அழுத்தம் 320 வரை எழும். ஈ.எல். 84 இன் அனோட்டு எல்லை 300 என்பதை மறந்துவிடக் கூடாது.

ரான்ஸ்போமர் விற்பவர் '150 மில்லியம்பியர்' என்று சொன்னால், அது சீராக்கிய பின் கிடைக்கும் நேரோட்டமா, சுருளில் பாயும் ஆடலோட்டமா என்று கட்டாயம் கேளும். நடுமுனை கொண்ட சுருளில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நடுமுனையில்லாத சுருளோடு நான்கு இருவாயிப் பாலம் கட்டினால், 110 மில்லியம்பியர் நேரோட்டத்துக்குச் சுருள் 180 மில்லியம்பியர் வரை தாங்கவேண்டியிருக்கும். நன்றாகக் கட்டிய விரியலாக்கிகளிலும் ரான்ஸ்போமர் கொதிப்பதற்கு இந்தக் கேள்வியைக் கேளாமல் விடுவது ஒரு காரணம்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். முதல் ரான்ஸ்போமரை ஒரு கடையில் சுற்றுவித்தேன். மாலை ஏழு மணிக்குப் பேசாமல் இருந்த பெட்டி நள்ளிரவு தாண்டியதும் வண்டுபோல இரைந்தது. பல நாள் வயரிங்கில் பிழை தேடினேன். கடைசியில் வோல்ற்றுமானியை வீட்டுப் பிளக்கில் வைத்து ஒரு கிழமை அளந்தபோதுதான் விளங்கியது: எல்லாரும் விளக்குப் போடும் மாலையில் 214 வோல்ற்று, விடியற்புறத்தில் 239. சுற்றியவர் கம்பியை மிச்சம் பிடித்துச் சுற்றுகளைக் குறைத்திருந்தார்; அழுத்தம் ஏறியவுடன் இரும்பு காந்தத்தால் நிரம்பி அதிர்ந்தது. போரால் பற்றரிக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவால் வானொலி கேட்டோமே, கை தளர்ந்தால் குரலும் அமுங்கியது நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் மின்சாரம் எங்கள் கையிலேயே இருந்ததால் குறை எங்கேயென்று உடனே தெரிந்தது.

அதனால் இரண்டாவதைச் சுற்றுவிக்கும்போது பக்கத்திலேயே இருந்தேன். உமக்கும் அதையே சொல்வேன். வவுனியாவில் கிணற்று மோட்டர்களுக்குச் சுருள் சுற்றுபவர்களிடம் கையும் பழக்கமும் இருக்கின்றன. கணக்கை நாம் கொடுத்தால் போதும். 100 வோல்ற்றம்பியர் அளவுக்கு நடுத்தண்டின் குறுக்குப்பரப்பு 12 சதுர சென்ரிமீற்றர் உள்ள இரும்புத் தகடுகள் வேண்டும். எங்கள் 50 ஹேர்ட்சில், ஒரு ரெஸ்லா காந்தச் செறிவுக்கு, 45 ஐ அந்தப் பரப்பால் வகுத்தால் வோல்ற்றுக்கு 3.75 சுற்று வரும். வீட்டு மின்சாரம் நுழையும் முதற்சுருளில் 230 வோல்ற்றுக்கு ஏறத்தாழ 860. வால்வுகளுக்கு மின் கொடுக்கும் துணைச்சுருள்களுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டிச் சுற்றச் சொல்லும், 6.3 வோல்ற்றுக்கு 25 சுற்று, 18 கேஜ் கம்பியை இரட்டையாகப் பிடித்து. முதற்சுருளில் 220, 230, 240 என மூன்று முனைகள் எடுப்பியும். பழைய ரான்ஸ்போமர்கள் பலவற்றில் 220 முனை மட்டுமே இருக்கும். எங்கள் விடியற்புற 239 இல் அது இழைக்கு 6.8 வோல்ற்றுக்கு மேல் கொடுத்து வால்வின் ஆயுளைத் தின்றுவிடும். சுருளுக்கும் சுருளுக்கும் இடையே காப்புத் தாளில் சிக்கனம் பிடிக்க விடாதேயும். முடிந்ததும் மோட்டர்களைப் போலவே வார்னிஷில் தோய்த்துச் சூளையில் உலர்த்தச் சொல்லும். தகடுகள் இரையாமல் இருப்பதற்கு அது மிக உதவும்.

எரிந்த ஸ்ரபிலைசர் (வீட்டு மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர். அதன் தகடுகளைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதன் சுருளை அப்படியே பயன்படுத்த ஒருபோதும் எண்ணாதேயும். அநேகமான ஸ்ரபிலைசர்களில் இருப்பது ஒற்றைச் சுருள். வீட்டு மின்சாரத்துக்கும் விரியலாக்கிப் பெட்டிக்கும் இடையே அது எந்தப் பிரிப்பையும் தராது. பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு உம்முடையது. பெட்டியின் உலோகத்துக்குப் புவித்தொடுப்புக் கொடும், முதற்சுருளில் மெதுவாக எரியும் ஒரு அம்பியர் பியூஸ் போடும், முதன்முதலாக மின் கொடுக்கும்போது 60 வாற்று இழைமின்குமிழ் ஒன்றைத் தொடரில் வையும். எங்காவது குறுஞ்சுற்று ஏற்பட்டிருந்தால் குமிழ் முழு வெளிச்சமாக எரிந்து சொல்லிவிடும்.

கொழும்பிலிருந்து வட்ட வடிவ ரான்ஸ்போமர் வரவழைக்கலாம் என்று மருமகன் சொன்னதாக எழுதியிருந்தீர். சிதறும் காந்தப்புலம் அதில் குறைவுதான். என்றாலும் பழுதானால் இங்கே அவிழ்த்துச் சுற்றுவது கடினம். நானாக இருந்தால் தகடு வகையையே எடுப்பேன்.

அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போகும் அலுவல் இருக்கிறது. அதற்கு முன் உம் வீட்டுப் பிளக்கில் மாலையிலும் படுக்கும்போதும் விடியற்புறத்திலும் அளந்த எண்களை எழுதி அனுப்பும். ஸ்ரபிலைசரின் தகடுகளையும் மாங்குளம்வரை கொண்டுவந்தால் அங்கே பஸ்ஸில் வாங்கிக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
உமது பழைய தோழன்