மலையே இல்லாத ஊரில் இரண்டு மலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவிடைமருதூர் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற வாரம், மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் ஓவிய நோட்டைப் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னை. அவள் தோழிகளின் நோட்டிலும் அதேதான். எங்கள் ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் வயல்; இந்தப் பிள்ளைகள் மலையைக் கண்டதே இல்லை. நானும் பல வருடம் இதே படத்தைத்தான் கரும்பலகையில் போட்டுக் கொடுத்தேன். அது தவறு என்று எனக்குப் புரிய வைத்தவன் ஒரு மாணவன்.

வாசிக்கச் சொன்னால் தரையைப் பார்ப்பான். ஒருநாள் வாய்க்கால் கரையிலிருந்து வண்டல் மண் அள்ளி வந்து, ஆளுக்கொரு உருண்டை கொடுத்தேன். என்ன செய்வதென்று சொல்லவில்லை. அவன் டிராக்டர் செய்தான். சேற்று வயலை உழும் தொழி உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்துக்கு ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தான். ஏன் டயர் வைக்கவில்லை என்றேன். "சேத்துல பொதஞ்சிடும் டீச்சர்" என்று ஆரம்பித்தவன் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டான்.

சுவாமிமலையில் சிலை வார்க்க மெழுகு உருவத்தின்மேல் பூசுவதும் காவிரி வண்டல்தான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைகிறார்கள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, தஞ்சாவூரில் நெட்டி என்ற நீர்த்தாவரத்தின் வெண்மையான தண்டைச் சீவிப் பெரிய கோயிலையே செய்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இந்த ஊர்ப் பெயர்களைப் பொது அறிவுக் கேள்விக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நெட்டித் துண்டு ஒன்றைத் தொட்ட பிள்ளை எத்தனை?

ஐந்து வகுப்புகளை இரண்டே பேர் பார்க்கும் பள்ளியில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2009 கல்வி உரிமைச் சட்டம் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் நூறு மாணவருக்கு மேல் இருந்தால். 2012இல் தமிழகத்தில் நியமித்ததும் அந்த வகுப்புகளுக்கே. விரல் பழகும் வயது ஐந்தும் ஆறும். அந்த வயதுக்கு யாரும் இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைப் போட்டியான கலைத்திருவிழா தொடக்கப் பள்ளிக்கும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நன்றாக ஆடும் நாலு பேர் மேடைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு கலை ஆசிரியரைப் போட்டால், சுற்றியுள்ள பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வரலாம். பக்கத்து ஊர்க் கைவினைஞர்களையும் உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், பிள்ளைகளோடு ஒரு முழு மதியம் தரையில் உட்கார விடுங்கள்.

மண் எடுத்த அன்று பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், வகுப்பறை அழுக்காக இருப்பதாகக் கண்டித்தார். 'இந்த வாரம் பிள்ளைகள் தாமாகச் செய்தது எது?' என்ற ஒரு கேள்வியைப் பார்வைப் படிவத்தில் கல்வித்துறை சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திருவிடைமருதூர் வட்டம்