டையோடு இல்லாத ரிலே போர்டு: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 5 வோல்ட் இரட்டை ரிலே போர்டில் பாதுகாப்பு டையோடு இல்லாதது

ஐயா, வணக்கம்.

உங்களிடம் இரண்டு ரிலே போர்டுகள் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சுப் பலகைகள்) வாங்கினேன், ஒன்று 14 வெள்ளி (ரிங்கிட்). ரசீது நகலை இணைத்திருக்கிறேன். 'ஆப்டோகப்ளர், பாதுகாப்பு டையோடு இரண்டும் உண்டு' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஆப்டோகப்ளர், கட்டுப்படுத்தும் பக்கத்தை ஒளியால் பிரித்துக் காப்பது; டையோடு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு. மிளகாய்ச் செடிகளுக்கு மாலையில் இருபது நிமிடம் தண்ணீர் பாய்ச்ச, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு உங்கள் போர்டை இணைத்துப் பம்பை ஓட்டினேன். ஒன்பதாம் நாள் பம்பு நிற்கவே இல்லை. நான் இரவு வேலைக்குப் போயிருந்தேன். விடிந்து வந்து பார்த்தால் கிணறு வற்றிக் கிடக்கிறது, பம்பு வெறுமனே சுற்றிச் சூடேறிக் கருகிய வாடை அடிக்கிறது. பழுது பார்க்க 180 வெள்ளி ஆனது.

முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதிலில் மின்னல்தான் காரணம் என்றீர்கள். இங்கே இடி மின்னலுக்குக் குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் ஒரு மழைகூட இல்லை. அதோடு, பிரித்துப் பார்த்தபோது போர்டில் டையோடுக்கென்று டி1, டி2 என வெள்ளை எழுத்தில் அச்சடித்த இடங்கள் இரண்டும் காலி. டையோடு கழன்று விழவில்லை. அங்கே ஈயம் வைத்த தடமே இல்லை.

ரிலேக்குள் காந்தமாக வேலை செய்யும் சுருளின் மின்தடை ஏறக்குறைய 70 ஓம். 5 வோல்ட்டில் 70 மில்லியாம்பியர் ஓடும். சுருளுக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் டிரான்சிஸ்டர் அதைச் சட்டென்று நிறுத்தும்போது, சுருளில் சேர்ந்த காந்தச் சக்தி, டையோடு இல்லாததால் போக வழியில்லாமல் எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தமாக எகிறும். இது புத்தகக் கதை அல்ல. ரிலேயை மட்டும் கழற்றி, பழைய சுவிட்சிலிருந்து எடுத்த நியான் விளக்கைச் சுருளின் இரு முனைகளிலும் இணைத்தேன். அறையை இருட்டாக்கி, 5 வோல்ட் கொடுத்துக் கையால் கம்பியை எடுத்தேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விளக்கு பளிச்சென்றது. நியான் எரியக் குறைந்தது 60 வோல்ட்டாவது வேண்டும். அந்த அடியைத்தான் உங்கள் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் வாங்கியிருக்கிறது. கடைசியில் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, அணையாமல் நின்றுவிட்டது.

இரண்டாவது போர்டை 240 வோல்ட் பக்கமே கொண்டுபோகாமல், மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒரு ரிலேக்கு மட்டும் 1என்4007 டையோடை, கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்கும்படி, சுருளுக்கு இணையாகப் பற்றவைத்தேன். மற்றதை நீங்கள் கொடுத்தபடியே விட்டேன். இரண்டையும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை போட்டு அணைத்ததில், உங்களுடையது மூன்றாம் நாள் போய்விட்டது. டையோடு வைத்தது மூன்று வாரமாகியும் ஓடுகிறது. மேசை மேல் எந்த மின்னல் விழுந்தது?

டையோடு போட்டால் ரிலே விடுபடச் சில மில்லிவிநாடி தாமதமாகும் என்று சொல்லித் தப்பிக்கலாம். மிளகாய்ச் செடிக்கு அந்த அவசரம் இல்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆப்டோகப்ளர் தன் வேலையைச் செய்தது, என் ஆர்டுயினோ தப்பியது. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. அதைப் போட்டவர்கள் இருபது காசு பெறாத டையோடை ஏன் விட்டீர்கள்?

போர்டுகளின் விலை 28 வெள்ளி, பம்புச் செலவு 180, மொத்தம் 208 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். மீதமுள்ள சரக்கில் டையோடு வையுங்கள், முடியாவிட்டால் பெட்டியில் உள்ள அந்த வரியை எடுத்துவிடுங்கள். என் பக்கத்து வீட்டுப் பையனும் பள்ளிப் போட்டிக்கு இதே போர்டைத்தான் வாங்கி வைத்திருக்கிறான். அவனுடையதிலும் அந்த இடங்கள் காலிதான்.

14 நாளில் பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. பழுதான இரண்டு போர்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் நியான் விளக்கோடு காட்டத் தயார். பகலில் வேண்டாம், மாலை ஏழுக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்