சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம், ஒரு ராத்திரி தங்க இடம் கொடுங்கள்: மதுரை விடுதி உரிமையாளர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதுரை விடுதி உரிமையாளர்களுக்கும், மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் சாதாரணக் குடும்பங்களுக்கு மதுரையில் கட்டுப்படியாகும் வாடகையில் அறை கிடைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அந்த நாட்களில் அறை குறைவு, ஆள் அதிகம், வாடகை ஏறத்தான் செய்யும். ஏறவே கூடாது என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன பிறகு அதை மாற்றாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

காலையில் வந்து சாயங்காலம் திரும்பலாமே என்று சிலர் சொல்கிறார்கள். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கும் மாசி வீதித் தேருக்கும் வேண்டுமானால் அது சரிப்படும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அது நடக்காது. அவர் வைகையில் இறங்குவது விடியற்காலையில். முதல் நாளே தல்லாகுளத்தில் எதிர்சேவை, அதாவது மதுரைக்கு வரும் அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்பது. கோரிப்பாளையத்திலும் ஆழ்வார்புரத்திலும் ராத்திரியிலேயே சனம் நெருங்கிவிடும். நான் அருப்புக்கோட்டைக்காரன். எங்கள் ஊரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தால் பாலத்தை நெருங்குவதற்குள் அழகர் ஆற்றைத் தாண்டியிருப்பார். தேனி, கம்பம், பரமக்குடிக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்து நடக்கும் வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம், ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், பூப்பல்லக்கு என்று எல்லாம் பார்க்க நினைத்தால் இன்னும் இரண்டு மூன்று ராத்திரி சேர்ந்துவிடும்.

என் தாத்தா காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வண்டியை ஆற்றங்கரையில் அவிழ்த்துப் போட்டு, மணலிலேயே சமைத்துச் சாப்பிட்டு, மணலிலேயே படுத்துக்கொள்வார்கள். இன்று அந்த மணலும் இல்லை, வண்டி அவிழ்க்க இடமும் இல்லை. திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சி விழா, அழகர் விழா இரண்டையும் சித்திரையில் ஒன்றாக இணைத்தார்கள் என்று சொல்வார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மதுரைக்கு வரட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்பதும் வழிவழியாக வரும் பேச்சு. வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்று யோசித்தவர்களும் அந்த வம்சத்தில் இருந்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இன்னும் நிற்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். லாட்ஜின் பெயர் வேண்டாம், அது ஒரு லாட்ஜின் தப்பு மட்டுமல்ல. என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் வலி. திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே ஃபோனில் பேசி, டபுள் ரூம் ஒரு ராத்திரிக்கு 900 ரூபாய் என்று முடிவாகி, அட்வான்ஸும் அனுப்பியிருந்தேன். தேதியையும் சொல்லித்தான் பதிவு செய்தேன். எதிர்சேவை அன்று மத்தியானம் போய் நின்றால் ரிசப்ஷனில் இருந்த பையன், "சார், அது சாதா நாள் ரேட். திருவிழாவுக்கு 3,500. அதுவும் மூணு நாள் சேத்து எடுக்கணும். வேணாம்னா அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிடுறோம்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதலாளி சொன்னதை அவன் சொல்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில் வாடகைப் பலகை இருந்தது. அதன் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டரை மாட்டி மறைத்திருந்தார்கள்.

அம்மா அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, அதற்குள் அழகருக்குக் காட்டக் கொண்டுவந்த சர்க்கரைச் செம்பு. "வா தம்பி, ரோட்டோரமா உக்காந்துக்கிருவோம், அழகரு பாத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த ராத்திரி தல்லாகுளம் பக்கம் ரோட்டோரத்தில்தான் இருந்தோம். சாமியை வழியில் நிறுத்தி உபசரிக்கும் ஒரு மண்டகப்படிக்காரர்கள் எங்களுக்குப் பாய் கொடுத்தார்கள், நீர்மோர் கொடுத்தார்கள், புளியோதரை கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தை நான் மறக்க மாட்டேன். சாப்பாட்டுக்கும் படுக்கப் பாய்க்கும் மதுரையில் பஞ்சமே இல்லை. கழிப்பறைதான் பிரச்சினை. தற்காலிகக் கழிப்பறைகள் வைத்திருந்தார்கள், ஆனால் நடு ராத்திரிக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பெண்கள் வரிசை தெருமுனை வரை போனது. அம்மா அங்கே போக வேண்டிவரும் என்று பயந்து, சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த பெண்களும் அப்படித்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்க நடந்த வயதான பெண்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அறை வேண்டும் என்று நாங்கள் கேட்பது மெத்தைக்காக இல்லை. கதவு சாத்திக்கொள்ள ஒரு பாத்ரூம் வேண்டும், அதற்காகத்தான்.

விடுதி உரிமையாளர்களே, உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். என் சொந்தக்காரர் ஒருவர் டவுன் ஹால் ரோடு பக்கம் சின்ன லாட்ஜ் நடத்தியவர். வருஷத்தில் பாதி நாள் அறைகள் காலியாகக் கிடக்கும், கரண்ட் பில்லும் சம்பளமும் காத்திருக்காது, திருவிழா என்றால் வேலையாட்களே லீவு கேட்பார்கள். நாலு நாளில் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால்தான் மற்ற மாதங்களைச் சமாளிக்க முடியும் என்பார். நியாயம்தான். 900 ரூபாய் அறைக்குத் திருவிழாவில் 1,500 கேளுங்கள், 1,800 கேளுங்கள். தெரிந்தால் அதற்கேற்ப நாங்கள் பணம் சேர்த்து வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு தொகையை ஒத்துக்கொண்டு அட்வான்ஸும் வாங்கிய பிறகு, நாங்கள் பையோடு வாசலில் நிற்கும்போது நாலு மடங்கு கேட்பதை வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகாரும் செய்யலாம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வயதான அம்மாவோடு தெருவில் நிற்கிறவனுக்கு வழக்கு எதற்கு? அவனுக்கு வேண்டியது அறை.

அப்புறம் ஜிஎஸ்டி. "கவர்மெண்ட் வரியை ஏத்திருச்சு, நாங்க என்ன பண்றது" என்று பல இடங்களில் சொல்கிறார்கள். 2022 ஜூலை வரை நாள் வாடகை 1,000 ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு வரியே இல்லை. அந்த மாதம் 18-ஆம் தேதி முதல் 12 சதவீதம் போட்டார்கள். அது எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது, உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 1,000 ரூபாய் அறைக்கு 120 ரூபாயாக இருந்த வரி இப்போது 50 ரூபாய். உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, உங்களுக்குக் கிடைக்காது என்ற குறை இருக்கிறது, சரி. அதற்காக வாடகை நாலு மடங்கானதற்கு வரியைக் காரணம் சொல்ல முடியாது. வரி வாங்கினால் பில் கொடுங்கள். திருவிழா நேரத்தில் பில் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ஆட்சியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆம்னி பஸ் கட்டணம் கன்னாபின்னாவென்று ஏறியபோது என்ன நடந்தது? பஸ் உரிமையாளர் சங்கங்கள் எந்த ஊருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று பட்டியல் வெளியிட்டன, போக்குவரத்துத் துறை அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பட்டியல் கையில் இருக்கும்போது பயணி பேச முடிகிறது, "இதுதானே சங்கம் சொன்ன கட்டணம்" என்று கேட்க முடிகிறது. மதுரை விடுதிகளுக்கும் இப்படி ஒரு பட்டியல் வேண்டும். கோயிலில் கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்பு உரிமையாளர்களை அழைத்து உட்கார வைத்து, ஒவ்வொரு லாட்ஜும் தன் திருவிழா வாடகையைத் தானே எழுதிக் கொடுக்கட்டும். அதை மாட்டுத்தாவணியிலும், ஆரப்பாளையத்திலும், பெரியார் பஸ் ஸ்டாண்டிலும், ரயில் நிலைய வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மாவட்ட இணையதளத்திலும் போடுங்கள், ஆனால் ஒட்டுவதை விட்டுவிடாதீர்கள். என் அம்மா வயதுக்காரர்கள் இணையதளம் பார்ப்பதில்லை. அதிலேயே புகாருக்கு ஒரு ஃபோன் நம்பரும், ராத்திரியில் அதை எடுக்க ஒரு ஆளும் வேண்டும்.

ஆற்றில் இறங்கும் நாள் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வருவது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் யாரும் அடுத்த வருஷத்துத் தேதியை இப்போதே சொல்வார். உரிமையாளர்களுக்கும் அது தெரியும். அப்படியிருக்க வாடகையை மட்டும் அன்று காலை வரை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க ஒரு அவசியமும் இல்லை.

மாநகராட்சி ஆணையர் அவர்களே, எவ்வளவு பட்டியல் போட்டாலும் நகரில் இருக்கும் அறைகள் இந்தக் கூட்டத்துக்குப் போதாது. அதனால் லாட்ஜை மட்டும் நம்பியிருக்க முடியாது. பெரும்பாலான வருஷங்களில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும், அல்லது தேர்வு முடிகிற கட்டத்தில் இருக்கும். மாநகராட்சிப் பள்ளிகளில் தல்லாகுளம், செல்லூர், கோரிப்பாளையம் பக்கம் இருப்பவற்றை இரண்டு ராத்திரிக்குத் திறந்துவிடுங்கள். வகுப்பறை, மின்விசிறி, கழிப்பறை, தண்ணீர் லாரி, வாசலில் ஒரு பெண் காவலர். தலைக்கு 100 ரூபாய் வாங்கினாலும் நாங்கள் கொடுப்போம். முதலில் குழந்தையோடு வரும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இடம் கொடுத்தால் போதும், என்னைப் போன்றவர்கள் ரோட்டில் படுத்துக்கொள்வோம்.

விடுதிகளுக்கும் ஒரு யோசனை. எங்களில் பலருக்கு 24 மணி நேர அறையே வேண்டாம். குளித்து, உடை மாற்றி, பையை வைத்துவிட்டுப் போக நாலு மணி நேரம் கிடைத்தாலே போதும். ஒரு அறையை ஒரே நாளில் மூன்று நான்கு குடும்பங்களுக்கு அப்படிக் கொடுத்தால் உங்களுக்கும் வருமானம் குறையாது. மூன்று நாள் சேர்த்து எடுத்தால்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடிப்பதால், மூன்று நாள் வாடகை கொடுத்த குடும்பம் ஒரே ராத்திரி தங்கிவிட்டுப் போன பிறகு பூட்டிய அறைகள் காலியாகக் கிடக்கின்றன. வெளியே ஜனம் ரோட்டில் கிடக்கிறது.

திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் அந்த நாட்களில் வாடகை இந்த அளவுக்கு ஏறுவதில்லை. அங்கே தங்கினால் நடு ராத்திரிக்கு மேல் மதுரைக்குள் வருவதுதான் கஷ்டம். சிறப்புப் பஸ்கள் விடுகிறார்கள், நன்றி. ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை இந்த மூன்று ஊர்களிலிருந்தும் தொடர்ந்து பஸ் இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தால் பாதிப் பேர் மதுரையில் அறையே தேட மாட்டார்கள்.

2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். தங்க இடம் இல்லாததுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க ரோட்டில் கண் விழித்து, தண்ணீர் குடிக்காமல், கால் கடுத்து நிற்கிற கூட்டம், ஓய்வெடுத்துவிட்டு வருகிற கூட்டத்தைப் போல நிதானமாக நகராது. பாதுகாப்புத் திட்டம் போடும் கூட்டத்தில் தடுப்புக் கட்டைகளையும் கேமராக்களையும் பேசும்போது, இவர்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கான ஆலோசனைக் கூட்டத்தில் விடுதி உரிமையாளர் சங்கத்தையும் வெளியூர் பக்தர்கள் சிலரையும் ஒன்றாக உட்கார வைத்தால் நான் வரத் தயார். பஸ் செலவு என்னுடையது. எங்கள் ஊரிலிருந்து இன்னும் பத்துப் பேரையாவது கூட்டி வருவேன், அதில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு அழகர் பக்தன்