ஈவினைப் பெண்ணின் கதை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5இல் படிக்கும் என் பேர்த்திக்குச் சாதனைப் பெண்கள் பற்றிய புத்தகம் வாங்கப் போனேன். இரண்டு கடை ஏறி இறங்கியும் மேரி கியூரியும் ஜான்சி ராணியும்தான் கிடைத்தார்கள். கியூரி அம்மையார் மேல் எனக்குக் கோபமில்லை. 1903, 1911 என இருமுறை நோபல் பரிசு பெற்றவர். ஆனால் வகுப்பில் ‘கொக்கு’ என்று கேலிக்கு ஆளாகும் நெடுத்த பிள்ளைக்கு அவரால் என்ன ஆறுதல்?

அன்றிரவு தர்ஜினி சிவலிங்கத்தின் கதையை நானே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நம் ஈவினை ஊர்ப் பெண், இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை. உயரம் 6 அடி 10 அங்குலம். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்தாட்டப் போட்டியில், பந்தை வளையத்துக்குள் போடுவதில் சிறந்தவராகத் தேர்வானவர். கேட்டு முடிந்ததும் பிள்ளை எழும்பிப்போய்க் கதவு நிலையோடு ஒட்டி நின்று, உச்சந்தலைக்கு நேரே பென்சிலால் கோடு கீறினாள்.

1914இலேயே நாவல் எழுதிய மங்களநாயகம் தம்பையாவையும் நம் பிள்ளைகள் அறியார்கள். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒருவரை எழுதலாமே? படத்தோடு, பெரிய எழுத்தில். கண்ணீர்க் கதையாக மட்டும் வேண்டாம். அந்தச் சரக்கு நம்மிடம் போதியளவு உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுன்னாகம்.