ரேகை தேய்ந்த விரல்களுக்கும் காப்பீட்டு அட்டை கிடைக்க வேண்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கல் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 74 வயது. பதினாறு வயதில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனவர், முட்டு வலியில் நடக்க முடியாமல் ஆன பிறகுதான் நின்றார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக முந்திரி உடைத்த கை. தோட்டில் இருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொள்ளிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி வெந்து, உரிந்து, மறுபடி வெந்து, கடைசியில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக அம்மாவைப் பதிவு மையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், பதியவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவியும் பதியவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோதும் அதே கதைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கையை விரித்துப் பார்த்தபடி, "எனக்க கையில ரேகை இல்ல மக்களே" என்றார். குற்றம் செய்தவர் போல அதைச் சொன்னார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. ராத்திரி நேரம், பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. காப்பீட்டில் சேர்ந்த மருத்துவமனைதான், ஆனால் எங்களிடம் அட்டை இல்லை. என் வளையலையும் அண்ணியின் செயினையும் அடகு வைத்து 1,40,000 ரூபாய் கட்டினோம்.

அண்ணியைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவின் பெயர் அண்ணனின் ரேஷன் கார்டில் இருக்கிறது. அண்ணன் வளைகுடாவில் கொத்தனார் வேலை பார்க்கிறான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அட்டை என்பது விதி. அண்ணன் சம்பளம் அதைத் தாண்டும், ஆனால் அதில் பெரும்பகுதி அவன் போக வாங்கிய கடனுக்குப் போகிறது. அம்மா கையில் சொந்தமாக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. ஆக, விரல் பதிந்திருந்தாலும் வருமானச் சான்றிதழில் நின்றிருக்கும். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெற்றோர் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மகன் கார்டில் பெயர் இருப்பதாலேயே அவர்களை வசதியானவர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. 2012இல் அது இப்போதைய திட்டமாக மாறியது, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எங்கள் சொந்தத்திலேயே அந்த அட்டையால் இதய ஆபரேஷன் செய்து பிழைத்தவர் இருக்கிறார். நல்ல திட்டம். அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

சரி, என்ன செய்யலாம்? கருவிழியையும் முகத்தையும் வைத்து ஆதாரைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ரேகை பதியவில்லை என்று ஒரு முதியவரைக்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எல்லாப் பதிவு மையங்களுக்கும் உத்தரவு போடுங்கள். அண்டி உடைத்தவர்கள், கயிறு திரித்தவர்கள், ரப்பர் வெட்டியவர்கள், வலை இழுத்தவர்கள் என்று ரேகை தேய்ந்த கைகள் இங்கே நிறைய.

அப்புறம், பதிவு செய்பவர்கள் ஊருக்கு வர வேண்டும். நீரோடியில் இருந்தோ பேச்சிப்பாறை மலையில் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் இருந்தோ எண்பது வயதுக்காரர் நாகர்கோவிலுக்கு வந்து போவது லேசான காரியமா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகப் போய் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்கும் பெண்களுக்கு, எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது தெரியும். அவர்களிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள், அந்த வரிசையில் வீட்டுக்கே வந்து பதியச் சொல்லுங்கள்.

70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய வயோ வந்தனா அட்டை பற்றி எங்கள் தெருவில் ஒருவருக்கும் விவரம் தெரியாது. நம் மாவட்டத்தில் அது எப்படி நடக்கிறது என்பதை ஊராட்சி அலுவலகங்களிலும் ரேஷன் கடைகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டச் செய்யுங்கள்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். எங்கள் தெருவில் மட்டும் அண்டி ஆபீஸ் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் பதினோரு பேர். எங்கள் ஊரில் பதிவு முகாம் எந்த நாள் என்று சொல்லுங்கள். அவர்கள் எல்லோரையும் ஆட்டோ பிடித்துக் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கருங்கல் வட்டாரத்து மகள் ஒருத்தி