பழைய காருக்கு வருடக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

15 வருடம் முடிந்த சொந்தக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் ஆய்வுக்கு முன் டிங்கரிங், பெயிண்டிங் என்று தாராளமாகச் செலவு செய்கிறார்கள். அதே வண்டியின் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஹோஸ் (ரப்பர் குழாய்) கம்பெனியில் மாட்டியதாகவே இருக்கும். கேட்டால், "ஓடியதே 60,000 கிலோமீட்டர்தானே" என்பார்கள். ரப்பருக்கு அந்தக் கணக்கு தெரியாது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் அது காய்ந்து இறுகிவிடும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு.

முதல் கவனம் டைமிங் பெல்ட்டுக்கு; பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து ஓட வைப்பது இதுதான். சில வண்டிகளில் இந்த வேலையைச் செயின் செய்யும். பழைய சான்ட்ரோ, 800 சிசி ஆல்டோவில் பெல்ட். ஸ்விஃப்ட் டீசலில் செயின். செயின் தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று காட்டிக்கொடுக்கும். பெல்ட் பெரும்பாலும் எந்தச் சத்தமும் இல்லாமல் அறும். பல இன்ஜின்களில் அறுந்த நொடியில் பிஸ்டன் முட்டி வால்வு வளையும், இன்ஜின் ஹெட்டை (மேல்பகுதியை) இறக்கியே ஆக வேண்டும். மேனுவலில் எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் விடாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கவர் கழன்றிருக்கும்போதே டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), முன்பக்க கிராங்க் ஆயில் சீல், அந்த இடத்தில் வாட்டர் பம்ப் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். கியர்பாக்ஸ் இறங்கினாலும் இப்படித்தான்: கிளட்ச் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங்கையும் பின்பக்க ஆயில் சீலையும் முடித்துவிட வேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயையும் அடைக்கிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதென்றால் அப்படியே ஊற்றலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹோஸை கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டையாக இருந்தாலும், கொழகொழவென்று அமுங்கினாலும், மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அது போதும், மாற்றிவிடலாம். ஓவர்ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை) கழற்றி எறியச் சொல்வது தவறான வைத்தியம். இன்ஜின் உரிய சூட்டை எட்டாது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ஹோஸ் அதில் உப்பி, பிறகு வெடிக்கலாம். பானெட்டுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பாதீர்கள்.

பிரேக் ஆயிலை யாருமே கணக்கில் வைப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 (DOT 3) ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை போய்விடும். பிரேக் பேட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அப்போது வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிதை நிரப்ப வேண்டும். மேலே டாப்பப் செய்வது கணக்கில் சேராது.

டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாவிட்டாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யக் கை இடம் கொடுக்காது. பங்குனி வெயிலுக்கு முன் கூலிங், பெல்ட், பெட்ரோல் ஹோஸ். ஐப்பசி மழைக்கு முன் பிரேக், டயர், வைப்பர், பேட்டரி. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும், வண்டி ஓடாவிட்டாலும், வருடம் ஒருமுறை. அப்போது வண்டி லிஃப்டில் நிற்கும். ஆக்சில் பூட் (ஆக்சில் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே அந்த உறையை மாற்றினால் செலவு குறைவாக முடியும், விட்டால் மண் புகுந்து ஜாயின்டே போய்விடும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக், சேலம்