லூசெர்னுக்கு ஒரு மாலைப்பொழுது கொடுங்கள்: ஐரோப்பியக் குழுப் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவுக்குக் குழுப் பயணம் அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டுப் பயண நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறைக்கான உங்கள் துண்டறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. நிறுவனங்களின் பெயர் வேறு வேறாக இருந்தாலும் சுவிட்சர்லாந்துப் பக்கம் மட்டும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. காலையில் டிட்லிஸ் மலை, பனியில் விளையாட்டு, மதியம் இந்தியச் சாப்பாடு, அப்புறம் லூசெர்ன். அந்த லூசெர்னுக்கு நேராகச் சிங்கச் சிலை, மரப்பாலம், கடைவீதி, ஏரியில் படகு என்று நான்கு சொல் போட்டு, பக்கத்தில் ‘ஃபோட்டோ ஸ்டாப்’ என்று முடித்துவிடுகிறீர்கள். எத்தனை மணிக்கு ஊருக்குள் போவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பது நான் பார்த்த எதிலும் இல்லை.

குழுப் பயணமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி, விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும், ரயிலில் எந்தப் பெட்டியில் ஏற வேண்டும், ராத்திரிக்குச் சோறு கிடைக்குமா என்ற கவலையெல்லாம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துவிட்டு வர முடிகிறதென்றால் அது உங்களால்தான். டிட்லிஸையும் குறை சொல்ல மாட்டேன். அக்னி நட்சத்திரத்தில் சென்னையை விட்டுக் கிளம்புகிறவருக்கு மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பனியை அள்ளி வீச வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு? அங்கே ஷாருக் கானும் கஜோலும் அட்டை உருவமாக நிற்கிறார்கள், அவர்களோடும் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். லூசெர்னுக்கு ஒரு முழு மாலையும், மறுநாள் பஸ் இல்லாத ஒரு பகலும் கொடுங்கள். அதற்காக அட்டவணையிலிருந்து ஒரு நாட்டை எடுத்துவிட வேண்டும் என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த நாட்டை யாரும் பார்த்த கணக்கில் வைப்பதில்லை, உங்கள் விளம்பரத்தின் ‘ஏழு நாடுகள்’ மட்டும்தான் வைக்கிறது.

மாலையை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மே நடுவில் அந்த ஊரில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகும், ஜூனில் இன்னும் அரை மணி கூடும். நீங்களோ ஏழு மணிக்கெல்லாம் பருப்பும் பனீரும் பரிமாறிவிட்டு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறீர்கள். லட்சக்கணக்கில் கட்டி வந்தவர் வெளிச்சம் இருக்கும்போதே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கிறார். டிரைவருக்கு ஓய்வு நேரச் சட்டம் உண்டு, தெரியும். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், இரவில் நீண்ட ஓய்வும் கட்டாயம். ஆனால் அந்தச் சட்டம் டிரைவருக்குத்தானே? பயணிகளுக்கு இல்லையே. லூசெர்னில் இரவு தங்குகிறவர்களுக்கு ஹோட்டலிலேயே ஒரு விருந்தினர் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டி ஊர் எல்லைக்குள் பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசமாகப் போய்வரலாம். எட்டு மணிக்கு ஊருக்குள் போய்ப் பத்து மணிக்குத் திரும்ப உங்கள் சொகுசுப் பஸ் தேவையே இல்லை.

அப்படி இருட்டும் நேரத்தில் போனால்தான் அந்த மரப்பாலம் என்னவென்று புரியும். பகலில் ஷ்வானென்பிளாட்ஸ் சதுக்கத்தின் பக்கம் பஸ் வந்து நிற்கும், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் எல்லோரும் பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்புவார்கள். கப்பெல்ப்ரூக்கே என்ற அந்தப் பாலம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 200 மீட்டருக்கு மேல் நீளம், ராய்ஸ் ஆற்றைக் குறுக்காக வெட்டாமல் சாய்ந்து வளைந்து போகிறது. ஊரைக் காக்கும் மதிலின் ஒரு பகுதியாகக் கட்டியதால் அந்த வளைவு. நடுவில் தண்ணீருக்குள் நிற்கும் எட்டுப்பட்டைக் கல் கோபுரம் பாலத்தைவிடப் பழையது. கருவூலமாகவும் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் இருந்திருக்கிறது. இவ்வளவும் உங்கள் வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். அவர்கள் தாண்டிப் போகும் கதை கூரைக்கு அடியில் இருக்கிறது.

உத்தரங்களுக்கு இடையே முக்கோணப் பலகைகளில் 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வரிசையாகத் தொங்கும், ஊரின் வரலாறும் அதன் காவல் புனிதர்களின் கதையும். 1993 ஆகஸ்ட் 17-க்கும் 18-க்கும் இடைப்பட்ட இரவில் பாலம் தீப்பிடித்தது. பெரும்பகுதி எரிந்துபோனது, அப்போதிருந்த ஓவியங்களில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் ஓவியம் போன இடங்களில் பல இன்றும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால் ஓவியம், ஓவியம், பிறகு வரிசையாக ஒன்றுமில்லாத முக்கோணங்கள், திரும்பவும் ஓவியம். ஐரோப்பாவின் மிகப் பழைய மரப்பாலங்களில் ஒன்று என்று மைக்கில் அறிவிக்கும் வழிகாட்டி, கால் வைக்கும் மரத்தில் பெரும்பங்கு முப்பது வருடத்துப் புது மரம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. சொன்னால் மதிப்புக் குறையாது, ஆட்கள் நின்று பார்ப்பார்கள்.

அங்கிருந்து ஆற்றோட்டத்தோடு ஐந்து நிமிடம் நடந்தால் இன்னொரு மூடிய மரப்பாலம், ஷ்ப்ராயெர்ப்ரூக்கே. உங்கள் குழுக்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடம். ஆலைக்காரர்கள் உமியையும் பதரையும் ஆற்றில் கொட்ட ஒரு காலத்தில் இந்தப் பாலத்தில் மட்டும்தான் அனுமதி, ஊருக்குக் கீழ்ப்பக்கம் இருந்ததால். இதன் கூரையிலும் முக்கோண ஓவியங்கள் உண்டு. ஆனால் இங்கே புனிதர்கள் இல்லை, எலும்புக்கூடுகள். அரசன், வியாபாரி, மணப்பெண் என்று ஒவ்வொருவரையும் சாவு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. ஓவியர் காஸ்பர் மெக்லிங்கர் 1626 முதல் 1635 வரை வரைந்த தொடர் இது. சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் சாவு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். பட்டினத்தார் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது, உங்கள் பயணிகளை அவ்வளவு பயந்தாங்கொள்ளிகளாக நினைக்காதீர்கள். பக்கத்திலேயே ஏரியின் நீர்மட்டத்தைக் காக்கும் பழைய அணை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வேலை. மரக்கட்டைகளைக் கையால் சொருகியும் உருவியும் தண்ணீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். கல்லணைக்கும் மேட்டூருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போன அப்பாக்கள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

சிங்கச் சிலைக்கு நீங்கள் தரும் பத்து நிமிடம் போதும், அதில் சண்டை இல்லை. ஆனால் அது ஏன் சாகக் கிடக்கிறது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பிரெஞ்சு மன்னரின் அரண்மனையைக் காத்து மடிந்த சுவிஸ் கூலிப்படையினரின் நினைவாக, டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் வடிவமைக்க, லூக்காஸ் ஆஹோர்ன் என்பவர் பாறையில் குடைந்தது, 1821-இல் திறந்தது. தெரியாமல் போனால் அது வெறும் தூங்கும் சிங்கம்.

இனி அந்தப் பஸ் இல்லாத பகல். லூசெர்ன் ரயில் நிலையத்தின் வாசலிலேயே படகுத்துறை. ஏரி நம் ஊர் ஏரி போல ஒரு கரையிலிருந்து மறுகரை தெரிவதல்ல, மலைகளுக்கு நடுவே கைகளை விரித்துப் புகுந்து போகிறது. ஒரு மணி நேரம் வட்டமடித்துத் திரும்பும் உல்லாசப் படகில் பார்ப்பது அதில் ஒரு கையின் முனை. அதற்குப் பதிலாகச் சாதாரணப் பயணிகள் கப்பலிலேயே ஏற்றுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஃபிட்ஸ்னாவ் என்ற கரையோர ஊர். கோடையில் அதிர்ஷ்டம் இருந்தால் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலே கிடைக்கும். இன்னும் ஐந்து ஓடுகின்றன, மூத்தது 1901-ஆம் ஆண்டுக்காரி. நடுத்தளத்தில் இயந்திரம் ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம்.

ஃபிட்ஸ்னாவில் இறங்கினால் எதிரிலேயே ரீகி மலைக்குப் போகும் பல்சக்கர ரயில் நிற்கும். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அரை மணியில் 1,798 மீட்டர் உச்சிக்குப் பக்கம் விட்டுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பல்சக்கரத்தில் ஏறியவர்களுக்கு அந்தக் கடகடப்பு சட்டென்று பிடிபடும். அது தற்செயலும் அல்ல. நீலகிரிப் பாதையின் பல்தண்டவாள முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது, அதன் பழைய நீராவி இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்டூர் ஊரில் செய்தவை. தமிழ் பேசும் குழுவுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை உங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? இறங்கும்போது பாதி வழியிலுள்ள காள்ட்பாட் நிலையம் வரை ரயில், அங்கிருந்து வேகிஸ் ஊருக்குக் கேபிள் கார், மறுபடி கப்பல். மலையில் அதிக நடை இல்லாத சுற்று.

லூசெர்னுக்குப் பக்கத்து இன்னொரு மலையான பிலாட்டஸை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அதன் பல்சக்கர ரயில் இன்னும் செங்குத்தானது, 48 சதவீதச் சரிவு. ஆனால் பனிக்காலத்தில் ஓடாது, வசந்தத்தில் எப்போது தொடங்கும் என்பது மலைமேல் பனி கரைவதைப் பொறுத்தது. நமது பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. துண்டறிக்கையில் படம் போட்டுவிட்டு, போன இடத்தில் கைவிரிப்பதைவிட, வருடம் முழுக்க ஓடும் ரீகி பத்திரம்.

செலவு என்பீர்கள். சரி, கணக்குப் போடுவோம். ரயில், பஸ், கப்பலுக்கெல்லாம் ஒரே சீட்டான ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் ஏரிக் கப்பலும் ரீகி ரயிலும் கேபிள் காரும் அதிலேயே அடங்கும். பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் கூட வரும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. டிரைவருக்கு எப்படியும் தர வேண்டிய வார ஓய்வை அன்றைக்கு வைத்துவிட்டால் ஒரு நாள் டீசலும் மிச்சம். ஊர்க் குழாய் நீரூற்றுகளில் வரும் தண்ணீர் குடிக்கத் தக்கது. அதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாட்டில் தண்ணீருக்கு ஆளாளுக்குப் பிராங்க் செலவழிக்க வேண்டாம். ஹோட்டல் ஓர் இரவு கூடும், அது உண்மையான செலவு, அதை வெளிப்படையாக விலையில் ஏற்றுங்கள். கடிகாரக் கடைக்கு மட்டும் எப்படி எல்லா அட்டவணையிலும் நேரம் கிடைக்கிறது என்று நான் கேட்க மாட்டேன், பதில் இரு தரப்புக்கும் தெரியும்.

மலைக்கு வர விருப்பமில்லாதவர் ஊரிலேயே இருக்கட்டும். செவ்வாய், சனி என்றால் ஆற்றின் இரு கரையிலும் காலைச் சந்தை கூடும். பிள்ளைகள் சலித்தால் ஏரிக்கரையில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது, ரயில் இஞ்சினிலிருந்து விமானம் வரை. ஒன்றுமே வேண்டாம் என்பவருக்குக் கரையோர மர நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. ஒரு பயணத்தில் யாரும் அவசரப்படுத்தாத இரண்டு மணி நேரமாவது வேண்டாமா?

அடுத்த அட்டவணை அச்சுக்குப் போகும் முன், குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். ‘ஃபோட்டோ ஸ்டாப்’ என்று போடும் இடத்தில் வந்து சேரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் அச்சிடுங்கள். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் என்றே போடுங்கள். பணம் கட்டுகிறவர்கள் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் துண்டறிக்கைகளை வரி விடாமல் படிக்கும் ஒரு பயணி